குக்குலுவும் முயலும்: ஒரு மருந்தறிவின் சமூக வரலாறு

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அறிஞர் சிலரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூலப்பொருளைத் தேடித் தந்த உழைப்பாளர் அதில் இடம்பெறுவதில்லை. குக்குலு எனும் பிசினின் வரலாறு இக்குறைபாட்டைத் தெளிவுறக் காட்டுகின்றது.

பிசின்கள் பலவற்றுக்குப் பொதுப்பெயராய் வழங்கிய குங்கிலியம் தமிழர் பக்தி மரபிலும் இடம்பெற்றது. நெல் வாங்குதற்கு மனைவி கொடுத்த தாலியைக் குங்கிலியத்துக்கு மாற்றிய கலய நாயனாரின் கதையைப் பெரியபுராணம் கூறும். வீட்டின் பசியும் கோயிலின் நறும்புகையும் எதிரெதிர் நின்ற சமூகத்தை அக்கதையில் நாம் இனங்காணலாம்.

1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ், சலாத்தோவ் ஆகியோர் முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி, அவற்றின் நாடிச் சுவர்கள் தடிப்பதைக் காட்டினர். 1966இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி, சுசுருத சங்கிதையின் மேதோரோக விளக்கத்தை இவ்வாய்வுமுறையோடு இணைத்தார். குக்குலு முயல்களின் குருதிக் கொலஸ்திரோலைக் குறைத்து, நாடித் தடிப்பையும் மட்டுப்படுத்துவதாக அவரது ஆய்வேடு நிறுவியது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குக்குலிப்பிட் 1980களின் பிற்பகுதியில் இந்தியச் சந்தைக்கு வந்தது.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தில் வரலாற்றை முடித்துவிட விரும்புவர். ஆயின் 2003இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடத்தப்பட்ட சோதனை மாறான முடிவைத் தந்தது. குக்குலிப்பிட் உட்கொண்டோரின் தீய கொலஸ்திரோல் குறையவில்லை. 4 முதல் 5 சதவீதம் உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் தோன்றியது. தாவரவுண்ணியான முயலின் உடல் கொலஸ்திரோலை ஏற்கும் விதம் மனிதருடையதிலிருந்து வேறுபட்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பண்டைய நூலாயினும் நவீன ஆய்வேடாயினும் நடைமுறைச் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று.

இவ்விவாதத்திற் கவனிக்கப்படாதவர் கச்சு, இராஜஸ்தான் வறள்நிலங்களிற் பட்டையைக் கீறிப் பிசின் சேகரிப்போரே. சந்தையின் வேட்கை பெருகப் பெருக வெட்டுக்கள் ஆழமாகின. ஆழமாகக் கீறப்பட்ட செடி பட்டுப்போகின்றது. இன்று இச்செடி சர்வதேசச் செம்பட்டியலில் அற்றுப்போகும் பேராபத்துள்ள இனமாக இடம்பெற்றுள்ளது. செடி அழியுமிடத்து அதனால் வாழ்வோரின் பிழைப்பும் அழியும்.

தேயிலையின் விலையை அறிந்த உலகம் கொழுந்து பறிக்கும் கைகளை அறியாதிருப்பதை நாவலப்பிட்டித் தோட்டங்களிடையே வாழும் நாம் நன்கறிவோம். குக்குலுவின் கதையும் அத்தகையதே. மரபறிவைச் சோதித்து ஏற்பதும், அதைத் தாங்கிய உழைப்பை வரலாற்றில் இடம்பெறச் செய்வதும் ஒரே பணியின் இரு கூறுகளாகும்.