குனித்தல்

தமிழில் 'குனித்தல்' என்றொரு சொல் உண்டு. வில்லை வளைப்பதும் குனித்தல், கூத்தாடுவதும் குனித்தல். வலிமைத் தொழிலுக்கும் நளினத் தொழிலுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கியது ஏன் என்று மாணவனாக இருந்த நாளில் நான் வியந்ததுண்டு. அகராதி பொருளைச் சொல்லிற்று, காரணத்தைச் சொல்லவில்லை. அதனைக் காஞ்சிபுரத்தில் ஒருவாறு உணர்ந்தேன்.

பட்டுச் சேலை வாங்கக் காஞ்சிக்கு வருவோரில் பலர், ஊரின் மேற்கே ஒதுங்கி நிற்கும் கைலாசநாதர் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எடுப்பித்த கோயில் அது. அங்கே முப்புரம் எரிக்க வில்லேந்திய சிவபெருமானையும் காணலாம். ஒரு முழங்காலைத் தரையளவு மடக்கி, மற்றொரு காலைப் பின்னே வளைத்து உயர்த்தி ஆடும் சிவபெருமானையும் காணலாம். மேருவை வில்லாகக் குனித்தவனும் தன் உடலையே வில்லாகக் குனித்தவனும் ஒருவனே. ஆனால் இரு வடிவங்களுக்கும் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது. ஆடுகிறவனைச் சுவர் தாங்குகிறது.

சுவரை நீக்கிவிட்டு, ஒற்றைக் காலில் அவனை நிறுத்துவது எப்படி? அதற்கு உலோகம் வேண்டியிருந்தது.

காஞ்சிக்கு அணித்தே கூரம் என்றோர் ஊர் உண்டு. கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று பலரும் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊரும் அதுவே. அவ்வூர்ச் சிவன்கோயிலுக்கு விட்ட நிலக்கொடையைக் கூறும் அந்தச் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறது. கதை கேட்பதையும் அறமாகக் கருதிய காலம் அது! அந்தக் கூரத்தில் கிடைத்த செப்புத் திருமேனி ஒன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பல்லவர் காலத்து நடராச வடிவம் என்று ஆய்வாளர் பலர் கொள்வர். நாம் பழகிய தில்லைக் கூத்தனைப் போல் இவருடைய இடக்கால் குறுக்கே வீசப்படவில்லை. முழங்கால் மேலே மடங்க, பாதம் கீழ்நோக்கித் தொங்குகிறது.

வலிமை என்றவுடன் இரும்புக் கம்பியைக் கையால் வளைப்போரும், மார்பை விம்மச் செய்து சங்கிலியை அறுத்த கோடி ராமமூர்த்தியும் நம் நினைவுக்கு வருவர். ஆனால் சிலை வார்க்கும் ஸ்தபதி உலோகத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. அவர் வளைப்பது மெழுகை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அதைச் சற்றே சூடாக்கி, விரல் நுனியால் முழங்காலை மடக்குகிறார். பின்னர் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாக அப்பி, உலர்த்தி, மேலும் மேலும் மண் பூசி, கம்பியால் கட்டுகிறார். சூளையின் வெம்மையில் மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகம் பாய்கிறது. குளிர்ந்தபின் மண்கருவை உடைத்தே ஆகவேண்டும். ஆதலால் ஒரு கருவிலிருந்து ஒரு திருமேனிதான். நீட்டிய கையிலோ காலிலோ உலோகம் முழுதும் சென்று நிரம்பாவிடின் பல நாள் உழைப்பு பாழ். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் வார்க்கின்றனர்.

கூரத்துக் கலைஞர் காலை உடலுக்கு நேரே நிறுத்திக்கொண்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அறிஞர் சிலர் மரச் சிற்ப மரபின் சாயலை இதில் காண்கின்றனர், அதையும் மறுப்பதற்கில்லை. பத்தாம் நூற்றாண்டில், செம்பியன் மாதேவியார் கோயில்கள் எடுப்பித்த காலத்திற்குள், சோழநாட்டுக் கலைஞர் அக்காலைக் குறுக்கே வீசிவிட்டனர். சுற்றிலும் எழுந்த திருவாசி, வீசிய கைகளுக்கும் ஒரு துணையாயிற்று.

மாணவர்கள் எழும்பூருக்குச் செல்ல நேர்ந்தால், தூக்கிய காலை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஊன்றிய வலக்காலையும் பாருங்கள். அதுவும் முழங்காலில் சற்றே வளைந்திருக்கும். வீட்டிற்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, ஊன்றிய காலை விறைப்பாக வைத்து ஒருமுறையும், சிறிது மடக்கி ஒருமுறையும் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள்.