'எம்': ஒரு கொலைகாரனின் படமும் இரண்டாகப் பிரிந்த ஒரு நாடும்

தொடர் கொலையாளிகளைப் பற்றிய படங்கள் இன்று எத்தனையோ வருகின்றன. நம்மில் பலர் இரவிரவாகக் கைபேசியில் அவற்றைப் பார்க்கிறோம். அந்த வகைப் படங்களுக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று ஜேர்மனியில் எடுக்கப்பட்ட 'எம்'. ஒரேயோர் எழுத்துதான் அதன் பெயர். அந்தப் படத்தைச் சுற்றி எழுந்த வாதம், படத்தைவிட நமக்கு அதிகம் கற்றுத்தரக் கூடியது.

1931 மே 11ஆம் திகதி படம் பேர்லினில் வெளியானது. இயக்கியவர் பிரிட்ஸ் லாங். அவரும் அவரது மனைவி தேயா பொன் ஹார்போவும் சேர்ந்து கதை எழுதினார்கள். அது லாங்கின் முதல் பேசும் படம். அன்றைய ஜேர்மனியில் 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலின்றி இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலில் ஹிட்லரின் கட்சி 12 ஆசனங்களிலிருந்து 107 ஆசனங்களுக்குத் தாவியிருந்தது. போதாததற்கு, டுசல்டோர்ப் நகரை நடுங்க வைத்த பீட்டர் குர்டன் என்ற கொலையாளிக்கு ஒன்பது கொலைகளுக்காக ஏப்ரல் மாதம்தான் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. படம் திரையிடப்பட்டபோது அவன் இன்னும் உயிரோடு சிறையில் இருந்தான். ஜூலை 2ஆம் திகதியே தண்டனை நிறைவேறியது. படம் குர்டனைப் பற்றியதல்ல என்று லாங் சொன்னாலும், பார்க்க வந்த எவருக்கும் அவனை மறந்துவிட்டுப் பார்க்க முடிந்திருக்காது.

கதை எளிமையானது. ஒரு நகரில் சிறுமிகள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒரு கொலையைக்கூட லாங் திரையில் காட்டவில்லை. உருண்டு வந்து நிற்கும் பந்து, மின்கம்பியில் சிக்கிய பலூன், மகளின் பெயரைச் சொல்லி அழைக்கும் தாயின் குரல், அவ்வளவுதான். ஊர் பயத்தில் மூழ்குகிறது. வீதியில் ஒரு சிறுமி நேரம் கேட்டாள் என்பதற்காக, பதில் சொன்ன அப்பாவி முதியவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

பொலிஸார் இரவு பகலாகத் தேடுவதால் நகரத்துத் திருடர்களின் தொழில் படுத்துவிடுகிறது. எனவே அவர்களும் கொலைகாரனைத் தேடப் புறப்படுகிறார்கள். கண் தெரியாத பலூன் வியாபாரி ஒருவர் அவனது சீழ்க்கை ஒலியை வைத்து அவனை இனங்காண்கிறார். ஓர் இளைஞன் தன் உள்ளங்கையில் வெண்கட்டியால் 'எம்' என்று எழுதி, தற்செயலாகத் தட்டுவது போல அவனது தோளில் பதித்துவிடுகிறான். ஜேர்மன் மொழியில் கொலைகாரன் என்ற சொல்லின் முதல் எழுத்து அது.

பிடிபட்டவனைத் திருடர்களே ஒரு பாழடைந்த மதுவடிசாலையில் வைத்து விசாரிக்கிறார்கள். தன்னுள்ளே இருக்கும் ஏதோ ஒன்று துரத்துவதாகவும், தன்னால் அதை அடக்க முடியவில்லை என்றும் அவன் கதறுகிறான். அப்படியென்றால் நீ இருக்கவே கூடாது என்கிறது கூட்டம். அவனுக்காகப் பேச நிறுத்தப்பட்டவரோ, தன் செயலுக்குப் பொறுப்பாக முடியாதவனைக் கொல்ல எவருக்கும் உரிமையில்லை, அவனை வைத்தியரிடம் ஒப்படையுங்கள் என்று வாதாடுகிறார். பிள்ளையை இழந்த தாயிடம் போய் இதைச் சொல்லிப் பார் என்று ஒரு பெண் கத்துகிறாள். பொலிஸ் வந்து அவனைச் சட்டத்தின் முன் கொண்டுபோகிறது. ஆனால் தீர்ப்பு என்னவென்று நாம் கேட்பதேயில்லை.

இங்கேதான் கருத்துகள் பிரிந்தன. மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. நீதிமன்றச் செய்தியாளரான காப்ரியேல டெர்கிட், 'வெல்ட்பூனே' என்ற இடதுசாரி வார இதழில், இது பிறர் துன்பத்தை ரசிக்க வைக்கும் படம் எனச் சாடினார். கும்பல் நீதிக்குப் படம் கைதட்டுகிறது என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். கொலைகாரன் மீது இரக்கம் வரவைக்கிறது என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள்.

இன்னொருவரும் படத்தைப் பார்த்தார். நாஸிக் கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸ். அவர் தமது நாட்குறிப்பில் படத்தைப் புகழ்ந்து எழுதினார். இது மனிதாபிமானப் புலம்பலுக்கு எதிரான படம், மரண தண்டனைக்கு ஆதரவான படம் என்பது அவரது வாசிப்பு. அந்தக் கூட்டத்தின் கூச்சலைத்தான் அவர் படத்தின் செய்தியாக எடுத்துக்கொண்டார். கூட்டத்தின் முகத்தைக் காட்டி லாங் எச்சரித்ததை அவர் காணவில்லை.

1933இல் நாஸிகள் ஆட்சிக்கு வந்தார்கள். லாங்கின் தாய் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லாங் நாட்டைவிட்டு வெளியேறினார். தேயா பொன் ஹார்போ ஜேர்மனியிலேயே தங்கி நாஸிக் கட்சியில் சேர்ந்தார். ஒரே கதையைச் சேர்ந்து எழுதிய இருவரின் பாதைகள் அப்படிப் பிரிந்தன. கொலைகாரனாக நடித்த பீட்டர் லொரே ஒரு யூதர். அவரும் வெளியேறினார். 1934இல் படம் தடைசெய்யப்பட்டது.

ஆனால் நாஸிகள் அந்தப் படத்தை மறக்கவில்லை. யூதர்கள் மீது வெறுப்பைப் பரப்புவதற்காக 1940இல் 'நித்திய யூதன்' என்ற பிரசாரப் படத்தை வெளியிட்டார்கள். தடைசெய்த 'எம்' படத்திலிருந்து லொரே கதறும் காட்சியை வெட்டி அதில் ஒட்டினார்கள். நடித்தவர் யூதர் என்று சுட்டிக்காட்டி, குற்றத்தை ரசிப்பதும் குற்றவாளிக்கு இரக்கம் தேடுவதும் யூதரின் இயல்பு என்று காட்டினார்கள். ஒரு நடிகர் போட்ட வேடம் ஒரு முழுச் சமூகத்தின் முகமாக மாற்றப்பட்டது.

அதற்கடுத்த ஆண்டு, 1941 செப்டம்பரில், ஜேர்மனியில் 6 வயது நிரம்பிய ஒவ்வொரு யூதரும் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. கதையில் 'எம்' எழுத்து விழுந்தது கொலை செய்தவனின் தோளில். வரலாற்றில் அடையாளம் குத்தப்பட்டது பாடசாலை செல்லும் வயதுப் பிள்ளைகளின் நெஞ்சில். அந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. குற்றவாளி சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டே ஆக வேண்டும். படமும் அவனை மன்னிக்கவில்லை. எந்தத் தண்டனையும் பிள்ளைகளைத் திருப்பித் தராது, பிள்ளைகளை நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாய் அழுதபடி சொல்வதோடு படம் முடிகிறது.

படத்தை விரும்பியவர்களும் வெறுத்தவர்களும் கொலைகாரனை என்ன செய்வது என்றே வாதிட்டார்கள். அந்தக் கூட்டத்தை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குப் பத்தே ஆண்டுகளில் வரலாறு பதில் சொன்னது. ஒருவனின் குற்றத்தை அவனோடு நிறுத்தத் தெரியாத கூட்டம், நாளை யார் தோளிலும் அந்த எழுத்தைப் பதிக்கும். வகுப்பறையில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வரலாறு இது.