கடைசி மாம்பழமும் உழவர் சந்தையும்

ஆனி மாசக் கடைசியில் மாம்பழம் வாங்கிய அனுபவம் உண்டா உங்களுக்கு? பங்கனபள்ளியெல்லாம் ஓய்ந்த பிறகு, சீசனின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற நீலம்தான் அப்போது கதி. ருசி பிரமாதம்! ஆனால், வெட்டினால் சில சமயம் கொட்டைக்குள்ளிருந்து ஒரு வண்டு ஹாயாக வெளியே வரும். 'எந்த ஊர்ப் பழம்ப்பா இது?' என்று கடைக்காரரைக் கேளுங்கள். பாவம், அவருக்கே தெரியாது. மண்டியில் எடுத்ததாச்சே!

விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்து விற்றால்? பஞ்சாபில் 1987-ல் 'அப்னி மண்டி', ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' என்று அதற்கு வழி பிறந்தது. அதே 1999, நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் தொடங்கினார் முதல்வர் கருணாநிதி. பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று சங்க காலத்திலேயே கடை விரித்த ஊர் அல்லவா!

ஏற்பாடு ரொம்ப எளிமை. அடையாள அட்டை உள்ள விவசாயிதான் விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று தினமும் விலை குறித்துப் பலகையில் எழுதுவார்கள். காய் குவிகிற நாளில் விவசாயிக்கும், வரத்து குறைகிற சீசன் கடைசியில் உங்களுக்கும் அந்தப் பலகைதான் காவல்.

2001-ல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் களையிழந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. ஆட்சிகள் வரும், போகும். சந்தை நிலைப்பது நம் கையில்தான்.

அடுத்த முறை போனால், 'உங்க தோட்டத்துக் காயாண்ணே? எப்பப் பறிச்சீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'கடைசிப் பறிப்பும்மா, இதோட சரி' என்று பதில் வந்தால், யோசிக்காமல் பையை நீட்டுங்கள்!