பியானோ வாசித்து ஆஸ்கர் வென்ற டாம்... ‘தி கேட் கன்செர்ட்டோ’ காப்பியா? 1947-ல் வெடித்த சர்ச்சை என்ன?

டாம் அண்ட் ஜெர்ரியில் உங்களுக்குப் பிடித்த எபிசோட் எது என்று கேட்டால், பலர் சொல்வது கோட் சூட் போட்டுக்கொண்டு டாம் பியானோ வாசிக்கும் அந்த எபிசோடைத்தான். அதன் பெயர் ‘தி கேட் கன்செர்ட்டோ’. டிவிக்காக எடுக்கப்பட்ட எபிசோட் அல்ல அது. தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்பு ஓட்டுவதற்காக எம்ஜிஎம் ஸ்டுடியோ தயாரித்த குறும்படம். ஆஸ்கரும் வாங்கியது, காப்பி என்ற புகாரிலும் சிக்கியது.

கதை என்ன?

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேடைக்கு வரும் டாம், ரொம்ப கெத்தாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள்ளே, கம்பிகளைத் தட்டும் சுத்தியல்கள் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கெட்டால் ஜெர்ரி சும்மா இருக்குமா? மூடியை டாமின் விரல்கள் மேல் சாத்துகிறது. கத்தரிக்கோலோடு காத்திருக்கிறது. கடைசியில் பியானோ கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் எலிப்பொறியை வைத்துவிடுகிறது. டாமுக்கோ கச்சேரியை நிறுத்த முடியாத நிலைமை, எதிரே ஆடியன்ஸ்! ஒரு கட்டத்தில் காலாலும் வாசிக்கிறது. முடிவில் டாம் கிழிந்த கோட்டோடு சரிந்து விழ, கைதட்டல் முழுக்க ஜெர்ரிக்கு.

இவ்வளவும் சுமார் ஏழரை நிமிடத்தில், ஒரு வசனம்கூட இல்லாமல். பின்னணியில் ஓடுவது ஹங்கேரிய இசைக்கலைஞர் பிரான்ஸ் லிஸ்ட் 1847-ல் எழுதிய ‘ஹங்கேரியன் ராப்சடி நம்பர் 2’. முதல் பாதி மெதுவாக, கம்பீரமாகப் போகும். இரண்டாம் பாதி தலைதெறிக்க ஓடும். பூனை எலியைத் துரத்த இதைவிட என்ன வேண்டும்? டாமின் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். சும்மா மேலும் கீழும் ஆட்டவில்லை. காதில் கேட்கும் சுரத்துக்கு ஏற்ற இடத்தில்தான் பெரும்பாலும் விரல் விழும். கையால் வரைந்த காலத்தில் இது சாதாரண வேலை இல்லை. சீன பியானோ கலைஞர் லாங் லாங், தனக்கு இரண்டு வயதில் பியானோ ஆசை வந்ததே இந்தக் கார்ட்டூனைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

சர்ச்சை எங்கே வந்தது?

வார்னர் பிரதர்ஸ் 1946 நவம்பர் 9-ல் ‘ராப்சடி ராபிட்’ என்ற படத்தை வெளியிட்டது. இயக்கியவர் ஃப்ரிஸ் ஃப்ரெலெங். அதில் பக்ஸ் பன்னி என்ற முயல் கோட் போட்டு மேடைக்கு வருகிறது. அதே லிஸ்ட் இசை. பியானோவுக்குள் ஓர் எலி. நடுவில் திடீரென ஜாஸ் பக்கம் தாவுகிறது இசை. கடைசி பகுதியை எலியே வாசித்து முடிக்கிறது. ஆமாம், கிட்டத்தட்ட அதே படம்தான்!

‘தி கேட் கன்செர்ட்டோ’ தியேட்டருக்கு வந்தது 1947 ஏப்ரல் 26-ல். ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 13-ல் நடந்த விழாவில், 1946-க்கான சிறந்த கார்ட்டூன் குறும்பட ஆஸ்கரை அது வென்றுவிட்டது. ‘ராப்சடி ராபிட்’ பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. வார்னர் சார்பில் அந்த ஆண்டு போட்டியில் இருந்தது ‘வாக்கி டாக்கி ஹாக்கி’ என்ற வேறு படம்.

இரண்டு ஸ்டுடியோக்களும் மாறிமாறி ‘நீதான் காப்பி’ என்றன. இரண்டுக்கும் ஒரே டெக்னிகலர் லேபில்தான் கலர் பிரிண்ட் தயாரானது. அங்கிருந்து ஒரு படத்தின் பிரிண்ட் தவறுதலாக மற்ற ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு. யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஃப்ரெலெங் பக்கம் ஒரு வலுவான பாயின்ட் இருக்கிறது. இதே லிஸ்ட் இசையை வைத்து 1941-லேயே ‘ராப்சடி இன் ரிவெட்ஸ்’ என்ற கார்ட்டூனை எடுத்தவர் அவர். அதற்கும் முன்னால், 1929-ல் டிஸ்னியின் ‘தி ஓப்ரி ஹவுஸ்’ படத்தில் மிக்கி மவுஸ் இதை வாசித்துவிட்டது. ஆக, இசையைத் தேர்ந்தெடுத்ததை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. பியானோவுக்குள் எலி, கடைசியில் எலிக்கு வெற்றி என்ற ஒற்றுமைதான் உறுத்துகிறது.

ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் ருசி வேறு. கச்சேரி நடுவே இருமும் ரசிகரை பக்ஸ் துப்பாக்கியால் சுட்டுவிடும். போன் வந்தால் எடுத்துப் பேசும். அது பக்ஸின் காமெடி ஷோ. டாமோ கடைசிவரை சீரியஸாகவே வாசிக்கும். சிரிப்பு அங்கேதான் வருகிறது.

விருது யாருக்கு?

டாம் அண்ட் ஜெர்ரி வாங்கிய ஏழு ஆஸ்கர்களில் இது நான்காவது. அதுவும் தொடர்ந்து நான்காவது ஆண்டாக. இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா. இசைப் பொறுப்பு ஸ்காட் பிராட்லி. ஆனால் அந்தக் கால விதிப்படி விருது தயாரிப்பாளருக்குத்தான். ஏழு முறையும் ஆஸ்கர் போனது ஃப்ரெட் குவிம்பி கைக்கு!