பதினொரு வயசு எதிர்காலம் – பேட்மேன் காரின் பூர்வீகம்

பேட்மேன் கார் என்றதும் இன்றைய ரசிகர்களுக்கு நோலன் படத்தில் வரும் ராணுவ டாங்கி மாதிரியான வண்டிதான் ஞாபகம் வரும். ஆனால் 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய பேட்மேன் தொடரில் வந்தது வேறு கார். கறுப்பு உடம்பு, ஓரமெல்லாம் பளிச்சென்று ஒரு கோடு, பின்னால் வௌவால் இறக்கைகள், உட்காருபவர் முன்னே ஆளுக்கொரு கண்ணாடிக் குமிழ்! எதிர்காலத்திலிருந்து நேராக வந்து இறங்கியது போல இருக்கும். உண்மையில் அந்தக் காருக்கு அப்போதே பதினொரு வயது.

அதன் நிஜப் பெயர் லிங்கன் ஃபியூச்சுரா. ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன் பிரிவு 1955-ல் கண்காட்சிகளில் காட்டுவதற்காகச் செய்த கான்செப்ட் கார். கான்செப்ட் கார் என்பது பெரும்பாலும் விற்பனைக்கு வராது. "எங்களிடம் இவ்வளவு சரக்கு இருக்கிறது" என்று ஊருக்குக் காட்டுவதற்காகக் கம்பெனிகள் ஒன்றிரண்டு மட்டும் செய்வார்கள். ஃபியூச்சுராவை வடிவமைத்தவர்கள் வில்லியம் ஷ்மிட், ஜான் நஜ்ஜார். உடம்பைக் கையாலேயே செய்து கொடுத்தது இத்தாலியின் டூரின் நகரில் இருந்த கியா பட்டறை (இன்றைய கொரியக் கம்பெனி கியா இல்லை, இது வேறு!). செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர் என்று சொல்வார்கள். முத்து போல மின்னும் வெள்ளை நிறம். வெறும் பொம்மை இல்லை, நிஜமாகவே ஓடும் கார்.

கண்காட்சிகள் முடிந்ததும் அதற்கு வேலையில்லாமல் போனது. 1959-ல் 'இட் ஸ்டார்டட் வித் எ கிஸ்' என்ற படத்தில் சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டு ஒரு முறை தலைகாட்டியது. கடைசியில் கார்களை மாற்றி அமைத்துத் தரும் ஜார்ஜ் பாரிஸ் என்பவரின் கைக்கு வந்தது. ஃபோர்டு அவருக்குக் கொடுத்த விலை ஒரே ஒரு டாலர்! காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புரியும். தேய்மானம் எழுதி எழுதி ஏட்டு மதிப்பு கரைந்துபோன சொத்து, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதை விட யாரிடமாவது தள்ளிவிடுவது மேல்.

அந்த நேரத்தில்தான் பேட்மேன் தொடர் எடுப்பவர்கள் பாரிஸிடம் வந்தார்கள். கைவசம் இருந்ததோ சுமார் மூன்று வாரம். புதிதாக ஒரு காரைச் செய்ய ஏது நேரம்? ஃபியூச்சுராவின் பின்பக்கத் துடுப்புகள் ஏற்கெனவே வௌவால் இறக்கை மாதிரிதான் இருந்தன. பில் குஷன்பெரி என்பவர் தகட்டை வெட்டி ஒட்டினார். முகப்பு வௌவால் முகமானது, கறுப்பு வண்ணம் ஏறியது, வேலை முடிந்தது. இரண்டு கார்களின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரட்டைக் குமிழும் நீண்ட துடுப்புகளும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பாரிஸ் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார். காரை விற்காமல் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டார். 2013-ல் அரிசோனாவில் நடந்த ஏலத்தில் அது கமிஷனோடு சேர்த்து சுமார் 46 லட்சம் டாலருக்குப் போனது!

பிறகு வந்த படங்களிலும் இந்தக் கதை தொடர்ந்தது. 1993-ல் வந்த 'டெமாலிஷன் மேன்' படத்தில் ஸ்டாலோன் 2032-ஆம் ஆண்டில் கண் விழிப்பார். அங்கே வரும் போலீஸ் கார், ஜெனரல் மோட்டார்ஸ் 1992-ல் காட்டிய அல்ட்ராலைட். கார்பன் ஃபைபர் உடம்பு, நாலு பேர் உட்காரலாம், எடை சுமார் 635 கிலோதான். 2004-ல் 'ஐ, ரோபோ' வந்தபோது நிலைமை தலைகீழானது. படத்துக்காகவே ஆடி நிறுவனம் ஆர்.எஸ்.க்யூ என்ற காரை வடிவமைத்தது. சினிமாவை விடப் பெரிய கண்காட்சி வேறில்லை என்று கம்பெனிகளுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் ஃபியூச்சுரா கதையில் மனதை உறுத்தும் ஒரு விஷயம் உண்டு. பேட்மேன் காரைச் செய்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் பாரிஸ் பெயரைத்தான் சொல்வார்கள். ஷ்மிட்டையும் நஜ்ஜாரையும் கார்ப் பைத்தியங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. டூரினில் அந்தத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்த தொழிலாளிகளின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

ஓடக்கூடிய ஃபியூச்சுரா இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை வெட்டியபோது வெள்ளைக் கார் போய்விட்டது. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் பழைய கண்காட்சிப் புகைப்படங்களும் அந்த 1959 படமும்தான். அசல் தகடு மட்டும் 46 லட்சம் டாலர் கறுப்பு வண்ணத்துக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.