கலந்த இழையின் வரலாறு

ஆடை என்றவுடன் பருத்தியும் பட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. விலங்கின் மயிரை நூற்று நெய்யும் தொழில் குளிர்நாட்டார்க்கே உரியது என்று எண்ணுவோர் பலர். ஆயினும், சிலப்பதிகாரத்தில் மதுரையின் அறுவை வீதியைக் காட்டும் இளங்கோவடிகள், நூலோடும் பட்டோடும் மயிரால் ஆன துணியையும் சேர்த்தே கூறுகின்றார். ஆதலின், இத்தொழில் தமிழகத்திற்குப் புதிதன்று.

விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே அமைந்த மங்கலம்பேட்டை போன்ற சமவெளி ஊர்களில், செம்மறியாட்டை வயலுக்கு எருவிடக் கிடை கட்டும் விலங்காகவே மக்கள் அறிவர். வெப்பம் மிகுந்த இச்சமவெளியின் ஆடுகளுக்குப் பெரும்பாலும் குறுமயிரே உண்டு, கம்பளி இல்லை. ஆனால் மேற்கே, முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியிலும், தெற்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலும், ‘திருச்சிக் கருப்பு’ என்னும் கம்பளியாடு வழிவழியாக வளர்க்கப்பட்டு வந்தது. கருங்குறும்பை என்பதும் அதன் பெயரே. அதன் மயிர் முரடானது. கம்பளிப் போர்வைக்கு ஏற்றது.

தென்னிந்தியாவில் குறும்பர் முதலிய ஆயர் குடியினர் இம்மயிரைக் கத்தரித்துக் கழுவி, கையால் பிரித்து, வில்லால் அடித்துப் பஞ்சாக்கிக் கதிரில் நூற்றனர். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழ் பூசி உரமேற்றினர். கருமயிரையும் வெண்மயிரையும் கலந்து நூற்றால் சாயமின்றியே சாம்பல் நிறம் கிடைத்தது. கலப்பின் முதற்பயன் நிறமே எனலாம்.

இரண்டாவது பயன் அதனினும் நுட்பமானது. ஆட்டுக் கம்பளியின் ஒவ்வொரு மயிரிலும் மீன் செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. இயற்கையான நெளிவும் உண்டு. ஆதலால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அங்கோரா முயலின் மயிரோ மிக மெல்லியது, இலேசானது, நன்கு வெப்பங்காப்பது. ஆனால் வழவழப்பானது, தனித்து நூற்றால் நழுவி உதிரும். இரண்டையும் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒருசேரச் சிக்கெடுத்து நூற்றால், கம்பளி பிடிப்பைத் தருகின்றது. முயல்மயிர் மென்மையைத் தருகின்றது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்வதே கலப்பின் இலக்கணம்.

இழையைக் கலப்பதற்கு முன்னரே, ஆட்டினத்தைக் கலக்கும் முயற்சியும் நம் நாட்டில் நடைபெற்றது. 19ஆம் நூற்றாண்டில் நீலமலையில், கோயம்புத்தூர்க் குறும்பையோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சௌத்டவுன் ஆகிய அயல்நாட்டு இனங்களைக் கலந்ததன் விளைவாக ‘நீலகிரி’ என்னும் மென்கம்பளி இனம் தோன்றியது. விடுதலைக்குப் பின், 1962இல் இராசத்தானத்தில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. 1965இல் அதன் தென்மண்டல நிலையம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் நிறுவப்பட்டது. அங்கே பாரத் மெரினோ ஆடுகள் பேணப்படுகின்றன. அங்கோரா முயல்களுக்கு இமாசலத்தின் குலுப் பள்ளத்தாக்கிலுள்ள கார்சா நிலையம் இடமாயிற்று.

இத்தனை முயற்சிகள் நடந்தும் இன்றைய நிலை மகிழ்ச்சி தருவதாக இல்லை. நீலகிரி ஆட்டினம் மிக அருகிவிட்டது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதனைக் காத்து வருகின்றது. ஆலைகளில் இயற்றப்படும் செயற்கை இழைப் போர்வைகள் மலிந்தமையால், முரட்டுக் கம்பளியை வாங்குவோர் குறைந்தனர். ஆடு வளர்ப்போர்க்கும் இறைச்சியே வருவாயாயிற்று. கம்பளிக்கு விலையில்லையேல் கத்தரித்த மயிர் குப்பையாகும். மயிர் குப்பையானால் அதனை நூற்ற கைகளின் அறிவும் மறையும். இனம் அழிந்தால் மீட்பது அரிது. கையறிவு அழிந்தாலோ, எழுதி வைத்த நூல்களைக் கொண்டு மட்டும் அதனை மீட்டல் இயலாது.

மாணவர்களே! நீங்கள் மலைப்பகுதிக்கோ ஆட்டுச் சந்தைக்கோ செல்லும்போது, கம்பளியாட்டின் மயிரைச் சிறிது கையிலெடுத்து, விரல்களுக்கிடையே திரித்துப் பாருங்கள். ஓரிழை எளிதில் அறும். பல இழைகள் முறுக்கேறினால் நூலாகி நிற்கும். அந்த முறுக்கைக் கண்டறிந்த முன்னோரின் நுண்ணறிவு, உங்கள் விரல்களிலும் தொடரத்தக்கது.