மாகாணம், ராஜ்யம், மாநிலம்

இந்தியக் கூட்டாட்சியின் ஓர் உறுப்பைத் தமிழர் இன்று மாநிலம் என்கிறார்கள். பழந்தமிழில் இச்சொல்லின் பொருள் உலகம் முழுவதும். மா என்றால் பெரிய, மாநிலம் பெருநிலம். நற்றிணையின் கடவுள் வாழ்த்தில் பாரதம் பாடிய பெருந்தேவனார் திருமாலை உலகின் உருவாகக் காட்டும்போது, மாநிலம் அவன் திருவடியாகிறது, கடல் உடையாகிறது. மாநிலத்தோர் என்றால் உலகத்தார். அந்தச் சொல் ஒரு நாட்டின் கூறுக்குப் பெயராக வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

அதற்கு முன் அந்த இடத்தில் வேறு சொற்கள் இருந்தன. வடமொழியில் தலைநகரைக் குறித்த ராஜதானி, கும்பினி ஆட்சியில் சென்னைக் கோட்டைக்குக் கட்டுப்பட்ட நிலப்பரப்பு முழுவதற்கும் பெயராகி, 'சென்னை ராஜதானி' என்று வழங்கியது. இன்னொரு சொல் மாகாணம். தஞ்சைப் பகுதியின் வருவாய்க் கணக்குகளில் சில ஊர்களின் தொகுதியை மாகாணம் என்றதுண்டு. தென் கன்னடத்திலும் ஊர்த் தொகுதிக்கு மாகணே என்ற பெயர் இருந்தது. வரி தண்டுவதற்காக மேலிருந்து வகுத்த பிரிவின் பெயர் பெரிய ஆட்சிப் பிரிவுக்கும் ஏறியது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937இல் தேர்தல் நடந்து மக்கள் பிரதிநிதிகள் அமைச்சர்களானபோது அந்த ஏற்பாட்டுக்கு மாகாண சுயாட்சி என்று பெயர். கவர்னரின் தனி அதிகாரங்கள் அப்போதும் அப்படியே இருந்தன. மன்னர்கள் ஆண்ட பகுதிகளோ சமஸ்தானங்கள். தமிழ்ப் பகுதியில் புதுக்கோட்டை அப்படிப்பட்டது, 1948 மார்ச்சில் அது சென்னை மாகாணத்தோடு இணைந்தது.

1950 ஜனவரி 26 அன்று இந்த வேறுபாடுகள் சொல்லளவில் மறைந்தன. பழைய மாகாணங்கள், சமஸ்தானங்கள், தலைமை ஆணையர் ஆண்ட சிறு பகுதிகள் மூன்றுக்கும் அரசியல் சட்டம் 'ஸ்டேட்' என்ற ஒரே பெயரைச் சூட்டியது. அதிகாரம் ஒன்றாகிவிடவில்லை, ஏ, பி, சி எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தகுதி தரப்பட்டது.

அந்தப் பெயரை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் ஏற்றது. இந்தியும் கன்னடமும் ராஜ்யம் என்றன. தெலுங்கு ராஷ்டிரம் என்றது; இந்தியில் அச்சொல் தேசத்தையே குறிக்கும். மலையாளம் சம்ஸ்தானம் என்றது; தமிழில் அதே சொல்லைக் கேட்டால் அரண்மனையும் திவானும்தான் நினைவுக்கு வரும். தமிழில் சில காலம் சென்னை ராஜ்யம் என்ற வழக்கு இருந்தது. தனித்தமிழ் உணர்வும் திராவிட இயக்கத்தின் மேடைத் தமிழும் வலுப்பெற்ற ஆண்டுகளில் மாநிலம் அதை ஓரங்கட்டியது. ராஜ்யம் என்ற சொல்லில் ஆளுகை இருக்கிறது. மாநிலத்தில் நிலம் மட்டுமே இருக்கிறது. இந்த இழப்பு சிறிதன்று.

நிலத்தின் எல்லையை மொழி வகுக்க வேண்டும் என்ற கோரிக்கையும் சொல்லோடு சேர்ந்தே உருமாறியது: மொழிவாரி மாகாணம், மொழிவாரி ராஜ்யம், மொழிவாரி மாநிலம். 1920 நாகபுரி மாநாட்டுக்குப் பின் காங்கிரஸ் தன் கமிட்டிகளை மொழிவாரியாக அமைத்துக்கொண்டதால், தமிழ்நாடு என்ற பெயர் முதலில் கட்சிக்குக் கிடைத்தது. மாநிலத்துக்கு அந்தப் பெயரைக் கேட்டு விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். அடுத்த மாதம் முதல் தேதி மொழிவாரி எல்லைகள் நடைமுறைக்கு வந்தபோதும் பெயர் சென்னை மாநிலமாகவே நின்றது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகு, 1969 ஜனவரி 14 முதல் அது தமிழ்நாடு ஆயிற்று. தன் பெயரை மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை. அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி பெயரும் எல்லையும் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கின்றன. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமே தவிர, அது நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

மாநிலம் என்ற சொல்லில் இல்லாத ஆட்சியைப் பக்கத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படி வந்ததுதான் மாநில சுயாட்சி. 1937இன் மாகாண சுயாட்சிக்கு நேர் வாரிசு. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969இல் கருணாநிதி அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்ற முழக்கத்திலிருந்த மத்தி என்ற சொல்லும் பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்பதைக் காட்டி, 2021 முதல் தமிழ்நாட்டு அரசு 'ஒன்றிய அரசு' என்றே எழுதுகிறது.

மாநிலம் ஒரு தகுதியின் பெயரும்கூட. இமாசலப் பிரதேசம் சி பிரிவில் தொடங்கி, 1956இல் யூனியன் பிரதேசமாகி, 1971இல்தான் முழு மாநிலமாயிற்று. ஜம்மு காஷ்மீர் 2019இல் எதிர்த்திசையில் போய், மாநிலமாக இருந்தது இரண்டு யூனியன் பிரதேசங்களாயிற்று. புதுச்சேரிச் சட்டமன்றம் மாநில அந்தஸ்து கேட்டுப் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது.

இலங்கைத் தமிழில் மாகாணம் இன்றும் உயிருள்ள சொல். 1833இல் ஆங்கிலேயர் வகுத்த ஐந்து மாகாணங்கள் 1889க்குள் ஒன்பதாயின. அங்கே கூட்டாட்சிக்குச் சமஷ்டி என்று பெயர். 1949இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சி ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி, அதாவது சமஷ்டிக் கட்சி. தமிழில் இலங்கைத் தமிழரசுக் கட்சி. அரசு என்ற அந்த ஒரு சொல்லைக் காட்டித் தனிநாடு கேட்கிறார்கள் என்று எதிர்ப்பாளர் குற்றம் சாட்டினர். பிறகு வந்த ஏற்பாடுகளின் பெயர்களில் அரசு என்ற சொல் இடம்பெறவில்லை: 1957 ஒப்பந்தத்தில் பிராந்திய சபை, 1965இல் மாவட்ட சபை, 1987இன் 13ஆம் திருத்தத்தில் மாகாண சபை. முதல் இரண்டும் நடைமுறைக்கு வரவேயில்லை. மாகாண சபை வந்தது. அதன் பட்டியலில் எழுதப்பட்ட காணி, பொலிஸ் அதிகாரங்கள் முழுமையாகக் கொடுக்கப்படவில்லை.